அடுப்படிக்கு ஓசூர் வழி

பங்குனி 1, சனி

இன்று மத்தியானம் பருப்புக் குழம்பில் உப்பு இல்லை. குறைவு என்றால் பொறுத்துக்கொள்வேன். இல்லவே இல்லை. நான் ஹாலில் இருந்தேன், வீட்டம்மா அடுப்படியில் இருந்தாள். நடுவில் ஒரு கதவு, அதுவும் திறந்துதான் கிடந்தது. வழக்கம்போல ஓசூரில் இருக்கும் மகளுக்குப் போன் போட்டேன்.

"மேகலா, கொழம்புல உப்பே இல்ல சாமி. உங்கம்மாகிட்டச் சொல்லு."

அவள் வைத்ததும் அடுப்படியில் போன் மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் உப்பு ஜாடி என் தட்டுக்குப் பக்கத்தில் ணங்கென்று வந்து உட்கார்ந்தது. காரியம் முடிந்தது என்று பிசைந்து சாப்பிட்டேன். கை கழுவுவதற்குள் மேகலா திரும்பக் கூப்பிட்டாள்.

"இதுதானுங்கப்பா கடைசி. இடுப்புல கொளந்தை, அடுப்புல பாலு, கையில போனு. காங்கேயத்துல உப்புப் பத்தலைன்னு ஓசூர்ல உக்காந்து நான் பஞ்சாயத்துப் பண்ணோணுமா? ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஓசூர் எதுக்குங்கப்பா? இன்னைல இருந்து நான் தூது போறதில்ல. அம்மாகிட்டயும் சொல்லிப்போட்டேன்."

"அப்ப நான் யார்கிட்டச் சொல்றது?"

"அம்மாகிட்டச் சொல்லுங்க. முடியலைன்னா அந்த ரைஸ் மில் டைரி சும்மாதான கெடக்குது, அதுல எழுதி வைங்க."

எழுதுகிறேன். ரைஸ் மில்காரர் தையில் கொடுத்த டைரி. பங்குனி வரை எல்லாப் பக்கமும் வெள்ளை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கும் வீட்டம்மாவுக்கும் சண்டை கிடையாது. கல்யாணமான புதிதில் வீடு நிறையப் பெரியவர்கள். என் அப்பா எதிரில் பொண்டாட்டியோடு பேசினால் மரியாதையில்லை என்று வளர்த்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்து, "தண்ணி வேணுமாட்ட இருக்குது" என்பேன், வரும். மேகலாவுக்கு வாய் வந்ததும் சுவருக்கு வேலை போய்விட்டது. "அம்மாகிட்டச் சொல்லு சாமி", "அப்பாகிட்டக் கேளு கண்ணு" என்று அவள் வழியாகவே குடும்பம் நடந்தது. பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பழக்கம் போகவில்லை. மேகலா கட்டிக்கொண்டு போன பிறகு போன் இருந்தது. இதில் என்ன குறை என்று எனக்குப் புரியவில்லை.


பங்குனி 2, ஞாயிறு

காலை இட்லி. சட்னியிலும் உப்பு இல்லை. சொல்ல ஆளில்லை.


பங்குனி 4, செவ்வாய்

கொல்லையில் வேப்பமரம் பழைய இலையை எல்லாம் கொட்டிவிட்டுச் செம்புத் தளிர் விட்டிருக்கிறது. மரமே வருஷத்துக்கு ஒரு தடவை பழசைக் கழற்றுகிறது. நானும் சித்திரை பிறப்பதற்குள் ஏதாவது ஒன்றைக் கழற்றலாம் என்று முடிவு பண்ணியிருக்கிறேன். மூக்குப்பொடி. முப்பது வருஷப் பழக்கம். மைக்கில் "வணக்கம்" சொல்லும்போது தும்மல் வந்து ஊரே சிரித்திருக்கிறது.

நான் சென்னியப்பன். சென்னியப்பன் சவுண்ட் சர்வீஸ் என்றால் காங்கேயம் வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா நோம்பி எல்லாவற்றுக்கும் என் மைக் செட்டுதான். குரலும் என்னுடையதுதான். "வெள்ளைச் சட்டை போட்ட குழந்தை ஒன்று மேடையருகே அழுதுகொண்டிருக்கிறது" என்று நான் சொன்னால், பெற்றவள் பொங்கல் பானையைப் போட்டுவிட்டு ஓடி வருவாள்.

பொடி டப்பாவைக் கண்ணில் படாத இடத்தில் வைக்கலாம் என்று அட்டாலிப் பரணில் ஏறினேன். அங்கே இருந்த சிவப்புப் பெட்டியைக் காணோம். மேகலா கல்யாணத்துக்கு வாங்கிய பெட்டி. அது இருந்த இடம் மட்டும் தூசியில்லாமல் சதுரமாகத் தெரிந்தது.


பங்குனி 5, புதன்

பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறது.

ஹாலில் உட்கார்ந்து டிவியைப் பார்த்து, "பொட்டி கீழ எறங்கியிருக்குதாட்டம்" என்றேன்.

வீட்டம்மா அடுப்படி வாசலில் பூனைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேகலா போன பிறகு தூது வேலையில் பாதி பூனைக்குத்தான். எங்கள் குடும்ப விவகாரம் எல்லாம் அதற்கு அத்துப்படி.

"எறங்குச்சுன்னா எங்கியோ போகோணும்னு அர்த்தம்" என்று பூனையிடம் சொன்னாள்.

எங்கே என்று பூனை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.


பங்குனி 8, சனி

ராக்கியப்பன் என்னிடம் பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறான். கூம்பு ஸ்பீக்கர் கட்டப் புளியமரத்தில் ஏறினால் இறங்கும்வரை பேசிக்கொண்டே இருப்பான். இன்று ஒயர் சுற்றும்போது கேட்டான்.

"ஏனுங்ணா, அக்கா சித்திரை பொறந்ததும் ஓசூர் போறாங்களாமா? மேகலா பாப்பா வேலைக்குத் திரும்பப் போகுதாம், கொளந்தையப் பாத்துக்க ஆள் வேணுமாம். வருஷக்கணக்குல அங்கியேதான் இருப்பாங்கன்னு எங்கூட்ல சொல்லிட்டிருந்தா."

"தெரியும். நாந்தான் போகச் சொன்னேன்" என்றேன்.

"அப்ப உங்களுக்குச் சோறு?"

"எனக்குச் சமைக்கத் தெரியாதாக்கும்?"

எனக்குச் சமைக்கத் தெரியாது.


பங்குனி 9, ஞாயிறு

மேகலாவைக் கூப்பிட்டேன். தூதுக்கு இல்லை, விசாரிக்க.

"ஆமாங்கப்பா. சித்திரை ரெண்டாந்தேதி கெளம்புறாங்க."

"என்னையக் கேக்கவே இல்ல?"

"அம்மா உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரல் மாறியது.

"உங்களையும் சேத்து வரச் சொல்லத்தானுங்கப்பா எனக்கும் ஆசை. உங்க மாப்பிள்ளையும் அதைத்தான் சொல்றாரு. ஆனா இனியன் இப்பத்தான் ஒவ்வொரு வார்த்தையாப் பேசப் பழகறான். நீங்க ரெண்டு பேரும் வந்தா, 'அம்மிச்சிகிட்டச் சொல்லு', 'அப்புச்சிகிட்டக் கேளு'ன்னு அவனத் தபால்காரன் ஆக்கிப்போடுவீங்க. எனக்கு மூணு வயசுல குடுத்த வேலை. பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா ரெண்டு பேரும் எனக்காகக் காத்திட்டிருப்பீங்க. என்னையப் பாக்கறதுக்கு இல்ல, சொல்லி அனுப்பறதுக்கு. அது அவனுக்கு வேண்டாங்கப்பா."

போனை மறு காதுக்கு மாற்றினேன். கடைசியில், "சரி, உங்கம்மாளப் போக வேண்டாம்னு சொல்லு" என்றேன்.

"பாத்தீங்களா?" என்றாள்.

வைத்துவிட்டேன். காத்துக்கொண்டிருந்தோம் என்பது உண்மைதான். அவள் செருப்புச் சத்தம் கேட்டால் நான் ஹாலிலிருந்தும் வீட்டம்மா அடுப்படியிலிருந்தும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்போம். பிள்ளைப் பாசம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.


பங்குனி 11, செவ்வாய்

எங்கள் பகுதி மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டு. நோம்பி தொடங்கிவிட்டது. காலையிலேயே ஸ்பீக்கர் கட்டி, கம்பம் நட்டதை அறிவித்து, மாவிளக்குக்கு நாள் சொல்லி, தொண்டை கட்டிக்கொண்டது.

அதே சூட்டில் வீட்டுக்குப் போய்ப் பேசிவிடலாம் என்று போனேன். அடுப்படி வாசலில் நின்றேன். வீட்டம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"வந்து..." என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். முகத்துக்கு நேராக அவள் அப்படிப் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று என்று தெரியவில்லை. நெற்றியோரம் முடி நன்றாக நரைத்திருக்கிறது.

"மோட்டார் போட்டாச்சா?" என்றேன்.

"போட்டாச்சு" என்று கீரையிடம் சொன்னாள்.

அட்டாலியில் ஏறி ஒரு சிட்டிகைப் பொடி போட்டுக்கொண்டேன். பழக்கம் கொடியது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்பார்கள். நான்தான் அந்தக் கோழி.


பங்குனி 13, வியாழன்

பொடி டப்பாவைக் கோயில் கிணற்றில் போட்டேன். இனி ஏறி எடுக்க முடியாது.


பங்குனி 14, வெள்ளி

குடோனில் யாரும் இல்லாதபோது மைக்கைப் பிடித்துப் பேசிப் பழகினேன். மைக் கையில் இருந்தால் எனக்குத் தயக்கம் வராது. "போக வேண்டாம்" என்று ஒரு தடவை. "போகாமல் இருந்தால் நல்லது" என்று ஒரு தடவை. "தாங்கள் ஓசூர் செல்வதை மறுபரிசீலனை செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்" என்றுகூட வந்துவிட்டது.

பின்னால் ராக்கியப்பன் நின்றுகொண்டிருந்தான்.

"ஏனுங்ணா, மைக்கு ஆன் பண்ணுலீங்க."

"தெரியும். டெஸ்டிங்" என்றேன்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டான். வழக்கத்துக்கு மாறாக ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருந்தது.


பங்குனி 16, ஞாயிறு

பொடியை விட்டதில் மூக்கு திறந்துகொண்டது. வேப்பம்பூ வாசம் ஹால் வரை வருகிறது. இத்தனை வருஷமாகவும் வந்துகொண்டுதானே இருந்திருக்கும்.

எல்லாப் பண்டத்திலும் இன்னும் உப்புக் குறைச்சல்தான். ஜாடியைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறேன். நான் எடுக்கும்போதெல்லாம் அடுப்படியில் ஏதாவது ஒரு பாத்திரம் சத்தம் போடுகிறது.


பங்குனி 18, செவ்வாய்

தொண்டை சரியாகவில்லை. கோயில் பொங்கலுக்குக் குரல் வேண்டும் என்று டாக்டரிடம் போனேன். தொண்டையைப் பார்த்தார். கையில் பட்டையைச் சுற்றி பிரஷரும் பார்த்தார். அவர் புருவம் ஏறியது.

"என்னங்க இது, போன மாசத்தைவிடக் கூடியிருக்குது. உப்பக் கொறைக்கலயா?"

"உப்பா?"

"மாசியில வந்தப்ப உங்க வீட்டம்மாகிட்டத் தெளிவாச் சொன்னேனுங்களே. நீங்க வெளிய நின்னு போன்ல ஏதோ ஆர்டர் பேசிட்டிருந்தீங்க. அவங்க பயந்துபோயிட்டாங்க. 'எவ்வளவு கொறைக்கறதுங்க, ஊறுகாய் ஆகாதுங்களா, கருவாடு ஆகாதுங்களா'ன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. உங்ககிட்டச் சொல்லலீங்களா?"

"சொன்னா, சொன்னா" என்றேன்.

மருந்துக் கடை வாசலில் நின்று மேகலாவுக்குப் போன் செய்தேன்.

"எனக்குத் தெரியுமுங்கப்பா. அப்பாகிட்டச் சொல்லிப்போடுன்னு அம்மா அப்பவே சொன்னாங்க. நீயே சொல்லும்மா, இது உசுரு சமாச்சாரம்னேன். சொல்லிப்போட்டேன்னாங்க. தெரிஞ்சும் நாக்குக் கேக்காம உப்புக் கேக்கறீங்கன்னு நெனச்சிட்டேன்."

"ஜாடியக் கொண்டாந்து வெச்சாளே?"

"நீங்க உப்புக் கேட்டீங்க. வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்ல அவங்களுக்கு வாய் வர்ல. என்ன பண்ணுவாங்க?"

அந்த 'ணங்'குக்கு இப்போதுதான் அர்த்தம் தெரிந்தது. கோபம் என்று நினைத்திருந்தேன்.


பங்குனி 19, புதன்

சாப்பிட்டு முடித்து உப்பு ஜாடியை நானே எடுத்துப்போய் அடுப்படி அலமாரியில் வைத்தேன். வீட்டம்மா பார்த்தாள். பூனையிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலக் காபி கொஞ்சம் கெட்டியாக இருந்தது.


பங்குனி 21, வெள்ளி

என் நீலக் கட்டம் போட்ட சட்டையைக் காணோம். இஸ்திரிக் கடையில் கேட்டேன், வரவில்லை என்கிறான். வயசாகிவிட்டது, அவனுக்கு.


பங்குனி 23, ஞாயிறு

இன்றும் பேசவில்லை. வாயைத் திறந்தால் என் அப்பா எதிரில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறது. அவர் போய்ப் பதினெட்டு வருஷம். நாற்காலியையும் விற்றாயிற்று.


பங்குனி 26, புதன்

மாரியம்மன் பொங்கல். இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து கூட்டம். மாவிளக்கு எடுத்து வரும் பெண்கள் வரிசை சந்து முனை வரை நின்றது. நான் மேடையில் இருந்தேன். செருப்பு தொலைந்தது, வண்டியை நகர்த்துவது, நன்கொடையாளர் பெயர் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் ஒரு தூக்குவாளியோடு வந்தார்.

"கெணத்து மேட்டுல கெடந்துச்சுங்க. உள்ள வெளக்குத் திரியும் எண்ணெயும் இருக்குது. யாரோ மாவெளக்கு எடுத்தவங்க உட்டுட்டாங்க. சொல்லியுடுங்க, தேடிட்டு இருப்பாங்க."

வாளியைப் பார்த்தேன். மூடியில் வாழைப்பூ மாதிரி ஒரு நசுங்கல். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஸ்பீக்கர் பெட்டியை நான்தான் அதன் மேல் வைத்து நசுக்கினேன். எங்கள் வீட்டு வாளி.

வீட்டம்மா எண்ணெய் இல்லாமல் விளக்கை வைத்துக்கொண்டு எங்கேயோ வரிசையில் நிற்கிறாள். ராக்கியப்பன் ஜெனரேட்டர் பக்கம் போயிருந்தான். மேகலா ஓசூரில். பூனை வீட்டில். கையில் மைக் இருந்தது.

ஆன் பண்ணினேன். எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

"பக்தகோடிகளின் கவனத்திற்கு. திருமதி மயிலாத்தாள்... மயிலாத்தாள் எங்கிருந்தாலும் உடனடியாக விழா மேடைக்கு வரவும். தங்கள் வீட்டார் தங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்."

ஒரு நொடி ஊரே நின்றது. பிறகு சிரிப்பு கிளம்பியது. சும்மா சிரிப்பில்லை. பறையடிப்பவர்கள்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். சென்னியப்பன் பொண்டாட்டியோடு பேசமாட்டான் என்பது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம் என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மஞ்சள் சேலை, கையில் மாவிளக்குத் தட்டு. முகம் சிவந்திருந்தது. வாளியை வாங்கிக்கொண்டாள். அதற்குள் ராக்கியப்பன் ஓடி வந்திருந்தான். அவனைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் என் காதில் விழுகிற மாதிரி.

"ஊருக்கே கேக்கற மாதிரி கூப்படத் தெரியுது. ஊட்டுக்குள்ள கேக்கற மாதிரி கூப்படத் தெரிலயாக்கும்."

போய்விட்டாள். மைக் ஆனிலேயே இருந்தது. அதுவும் ஆறு ஸ்பீக்கரிலும் போனது.


பங்குனி 27, வியாழன்

மஞ்சள் நீராட்டு. வீதியில் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒயர் சுற்றிக்கொண்டு குனிந்திருந்தபோது பின்னாலிருந்து யாரோ என் தலையில் ஒரு சொம்பைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். திரும்புவதற்குள் ஆள் இல்லை. விளையாட்டுப் பிள்ளைகளாக இருக்கும். சந்து முனையில் திரும்பிய சேலை எங்கள் வீட்டுக் கொடியில் பார்த்த சேலை மாதிரி இருந்தது. சரியாகப் பார்க்கவில்லை.


பங்குனி 28, வெள்ளி

பச்சைக்கரை வேட்டியையும் காணோம். என்ன நடக்கிறது இந்த வீட்டில்?


பங்குனி 30, ஞாயிறு

நாளை சித்திரைக் கனி. மறுநாள் காலை ஈரோட்டு பஸ், அங்கிருந்து ஓசூர். பால்காரரிடம், "செவ்வாய்க்கெழமைல இருந்து பால் வேண்டாமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குக் காபி வேண்டாமா என்று அந்த ஆளாவது கேட்டிருக்கலாம்.

சாயங்காலம் வீட்டம்மா பூஜை அறையில் தாம்பாளம் எடுத்து வைத்தாள். மாம்பழம், பலாச்சுளை, வாழைப்பழம் மூன்றின் வாசமும் வருகிறது. கொன்றைப் பூவும் எங்கிருந்தோ கொண்டுவந்திருக்கிறாள். கண்ணாடியைத் துடைத்து நிறுத்தி வைத்திருக்கிறாள்.

கனி பார்ப்பதில் எங்கள் வீட்டு முறை இதுதான். எழுந்ததும் கண்ணைத் திறக்கக்கூடாது. வருஷத்தில் முதல் பார்வை கனி மேலும் கண்ணாடி மேலும்தான் விழ வேண்டும். வீட்டம்மா முதலில் எழுந்து பார்ப்பாள். பிறகு மேகலா வந்து என் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு போவாள். கல்யாணத்துக்குப் பிறகும் இதற்கென்று வந்துவிடுவாள். போன வருஷம் கைக்குழந்தையோடு வந்தாள். இந்த வருஷம் வரவில்லை.

நாளைக்கு என் கண்ணை யார் பொத்துவது என்று தெரியவில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. நாளைக்கும் என் வாய் திறக்காவிட்டால் அவள் போய்விடுவாள். போகிறவள் நல்லபடியாகத்தான் போவாள், பேரனைப் பார்ப்பாள், சந்தோஷமாக இருப்பாள். நான் இங்கே சுவரோடு இருப்பேன். சுவர் பதில் சொல்லாது. இத்தனை வருஷமும் சுவரா பதில் சொன்னது? அவளல்லவா சொல்லிக்கொண்டிருந்தாள்.


சித்திரை 1, திங்கள்

விழிப்பு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வெளியே காக்கை கத்தியது. பூஜை அறையில் வளையல் சத்தம், தீக்குச்சி உரசும் சத்தம். விளக்கு எண்ணெய் வாசம் வந்தது. அவள் பார்த்துவிட்டாள். இனி என் முறை.

யாரும் வரவில்லை. வீட்டுக்குள் வெயில் வந்துவிட்டது, இமைக்கு மேலேயே தெரிந்தது. ஒண்ணுக்கு வேறு முட்டிக்கொண்டு நின்றது.

"விடிஞ்சு போச்சு. கனி பாக்கறவிய பாக்கலாம்" என்று குரல் வந்தது. பூனையிடம்தான்.

வழக்கம்போல எதையாவது பார்த்துப் பதில் சொல்லத் தலையைத் திருப்பினேன். பார்க்க முடியவில்லை. கண் மூடியிருந்தது. சுவர் எந்தப் பக்கம், டிவி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. பூனை எங்கே இருக்கிறதோ. இருட்டில் அவள் ஒருத்தி மட்டும்தான் இருந்தாள், பக்கத்து அறையில்.

"மயிலா" என்றேன்.

எனக்கே கேட்டிருக்காது, அவ்வளவு சின்னக் குரல். மைக் இருந்திருந்தால் ஆன் பண்ணியிருப்பேன்.

வளையல் சத்தம் நின்றது.

"என்னங்க?" என்றாள்.

பூனையிடம் இல்லை. என்னிடம்.

"கண்ணத் தொறக்காம இருக்கறேன். வந்து கூட்டிட்டுப் போ."

வந்தாள். கையில் மஞ்சளும் பலாப்பழமும் மணந்தன. பின்னாலிருந்து என் கண்ணைப் பொத்தினாள். கட்டிலில் இடித்து, கதவில் இடித்து, பூஜை அறைக்குப் போய்ச் சேர்ந்தோம். "ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். "இப்பத் தொறங்க."

திறந்தேன். பழம், வெற்றிலை, கொன்றைப் பூ, அவளுடைய சங்கிலி எல்லாம் இருந்தன. கண்ணாடியில் என் முகம், தோளுக்கு மேலே அவள் முகம். அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத இந்த டைரி எதற்கு?

"எனக்குப் பிரஷர்னு ஏன் சொல்லல?" என்றேன், கண்ணாடியில் அவளைப் பார்த்து.

"கண்ணாடியப் பாத்துக் கேக்காதீங்க. என்னையப் பாத்துக் கேளுங்க."

திரும்பினேன். கேட்டேன்.

"தெனமும் உலை வெக்கும்போது, இன்னைக்குச் சொல்லிப்போடோணும்னு நெனப்பேன். நீங்க வந்து உக்காந்தா வார்த்தை தொண்டையிலயே நின்னு போகும். ராவெல்லாம் மனசு அடிச்சுக்கும்."

"எனக்கும் அப்படித்தான், மயிலா."

அப்புறம் கேட்டேன்.

"ஓசூருக்கு நானும் வரட்டுமா? குடோனை ராக்கியப்பன் பாத்துக்குவான். இனியன்கிட்டச் சொல்லி அனுப்ப மாட்டேன். உங்கிட்டயே சொல்றேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "பொட்டியத் தொறந்து பாருங்க" என்றாள்.

கட்டிலுக்கு அடியிலிருந்து சிவப்புப் பெட்டியை இழுத்துத் திறந்தேன். மேலே அவள் சேலைகள். அடியில் என் நீலக் கட்டம் போட்ட சட்டை, பச்சைக்கரை வேட்டி, தேய்த்து மடித்து.

"நான் கேக்காமயே இருந்திருந்தா?"

"நாளைக்குக் காலைல அதையெல்லாம் எடுத்துக் கட்டல்மேல வெச்சுட்டு, நான் மட்டும் போயிருப்பேன்."

செய்திருப்பாள். அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பத்து மணிக்கு மேகலா கூப்பிட்டாள், வாழ்த்துச் சொல்ல. "அப்பா, அம்மாகிட்ட..." என்று ஏதோ ஆரம்பித்தவள், தான் எடுத்த சபதம் ஞாபகம் வந்து சட்டென்று நிறுத்தினாள்.

"பரவால்ல, சொல்லு சாமி. உங்கம்மா பக்கத்துலதான் இருக்கறா. நான் சொல்லிக்கறேன்" என்றேன்.

"என்னங்கப்பா சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க" என்றாள். பின்னால் இனியன் ஏதோ உளறிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் பருப்புக் குழம்பு, வேப்பம்பூ ரசம், மாங்காய்ப் பச்சடி. குழம்பில் உப்பு இல்லை.

"மயிலா, கொழம்புல உப்பு இல்ல" என்றேன்.

"இருக்காது" என்றாள்.

சாப்பிட்டேன்.